பிஞ்சுக்கு நீட்டாத விரல்

பூசணிக் கொடியில் புதிதாகப் பிஞ்சு விட்டிருப்பதை யாருக்காவது காட்ட நேர்ந்தால், என் ஆட்காட்டி விரல் இன்றைக்கும் தானாக மடங்கிக்கொள்கிறது. மடங்கிய விரலின் கணுவால்தான் காட்டுவேன். விரலை நீட்டிச் சுட்டினால் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். காலையில் பூ விரிகிற நேரத்தில் வண்டு வராவிட்டால்தான் பிஞ்சு நிற்காது என்று கிருஷி பவன் என்கிற வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சொல்லிக் கொடுத்து, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிடவும் பழகிவிட்டேன். அப்படியும் இந்த விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. என் மகள் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். "பூசணிக்குக் கண்ணாம்மா இருக்கு, நீ காட்டுறது தெரியிறதுக்கு?" என்பாள். நானும் சிரித்துவைப்பேன். விரலை மடக்குவதில் என்னைவிடக் கண்டிப்பான ஒருத்தி இருந்தாள் என்றும், அவளை நான் மதினி என்று கூப்பிட்டேன் என்றும் மகளிடம் சொன்னதில்லை.

மதினி எனக்கு ரத்த சொந்தம் கிடையாது. எஸ்டேட் லயத்தில் அடுத்த வீட்டுக்காரி. லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். எழுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மண் காட்டிலிருந்து மூணாறுக்குக் கீழே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு நான் வந்து இறங்கினேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே அம்மா அப்பா யாரும் உயிரோடு இல்லை. அவர் அண்ணன் என்று கூப்பிட்ட அடுத்த வீட்டுக்காரரின் மனைவி எனக்கு மதினி ஆனாள். வந்த அன்றைக்கு அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் அவள். குளிர் தாங்காமல் நான் அழுதபோது தன் கம்பளியில் ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தியவளும் அவள்தான். இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. இந்தக் குறிப்பில் அவளை 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் மனசு ஒப்பவில்லை, அடித்துவிட்டேன்.

லயத்துக்குப் பின்னால் நிலம் ஓடை வரைக்கும் சரிந்து இறங்கும். வீட்டுக்கு ஒரு துண்டு என்று காய்கறி போட்டுக்கொள்ள எஸ்டேட்டில் விட்டிருந்தார்கள். எங்கள் துண்டுக்கும் மதினியின் துண்டுக்கும் நடுவில் யாரோ எந்தக் காலத்திலோ அடுக்கிய கல் வரப்பு ஒரு மழையில் சரிந்து கிடந்தது. அதை எடுத்துக் கட்ட இரண்டு வீட்டு ஆண்களுக்கும் சோம்பல். நாங்கள் இரண்டு பேரும் கற்களை ஓடைப் பக்கம் அடுக்கிவிட்டு, இரண்டு துண்டையும் சேர்த்து ஒரே தோட்டமாக ஆக்கிக்கொண்டோம். விளைந்ததெல்லாம் பாதிப் பாதி. ஒரே ஒரு முட்டைக்கோசு முற்றினாலும் துணி துவைக்கிற கல்லில் வைத்து இரண்டாக வெட்டி ஆளுக்கொரு பாதி கொண்டுபோவோம். தண்டை யார் எடுத்துக்கொள்வது என்று மட்டும் சின்னச் சண்டை வரும். மதினிக்குத் தண்டைப் பச்சையாகக் கடித்துத் தின்னப் பிடிக்கும்.

குளிர்நாட்டுப் பயிர் எல்லாம் அவளுக்குக் கைவந்தது. தை மாதத்தில் ஓடையோரப் பள்ளத்தில் உறைபனி இறங்கும். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாக நிற்கும். வெயில் பட்டதும் பீன்ஸ் இலை தீயில் காட்டியது போலக் கறுத்துப்போகும். அதனால் அவள் பனிக்கு முன்னாலேயே பீன்ஸைப் பறித்து முடித்துவிட்டு, மண்ணுக்குள் பதுங்குகிற கேரட்டும் உருளைக்கிழங்கும்தான் அந்த நாளுக்கு வைப்பாள். மாசியில் கிழங்கு தோண்டிய மண் பொதுபொதுவென்று கிடக்கும். அப்போதுதான் என் முறை வரும். தகரப்பெட்டிக்குள் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து அம்மா கொடுத்துவிட்ட பூசணி விதைகளைக் கொண்டுவந்திருந்தேன். அந்தக் குளிரில் பூசணியாவது வருவதாவது என்று லயமே சிரித்தது. தொழுவத்து எருவைக் குழியில் நிறைத்து, சூடு இருக்கிறபோதே மேல்மண் போட்டு விதையை ஊன்றினேன், முளைத்தது. பங்குனியில் குடம் குடமாக ஓடைத் தண்ணீர் சுமந்தோம். சித்திரையில் கோடை மழை நாலு விழுந்ததும் கொடி சரசரவென்று ஓடி, மஞ்சள் பூவாகப் பூத்து நின்றது. மலையாளத்தார்கூட "மத்தன் கொள்ளாமல்லோ", பூசணி நன்றாயிருக்கிறதே, என்று நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மதினிக்கு என்னைவிடப் பெருமை.

பிஞ்சு பிடித்ததும் அவளுடைய சட்டதிட்டங்கள் ஆரம்பமாகும். அவள் பிள்ளைகள் மூன்றும் தோட்டத்துக்குள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எவனாவது விரலை நீட்டினால் மடேர் என்று கையில் ஒரு அடி விழும். "மடக்குல வெரல. வாயில்லாப் பிஞ்சு அது" என்பாள். இன்னொரு வழக்கமும் இருந்தது. மாதாமாதம் வீட்டுக்குத் தூரமாகிற நாட்களில் பெண்கள் கொடிப் பக்கம் போகக் கூடாது. எங்கள் இரண்டு குடும்பமும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். உபதேசியாரிடம் கேட்டால் இதெல்லாம் அஞ்ஞானம் என்றுதான் சொல்வார். ஆனால் உபதேசியார் வீட்டு அம்மாவே அந்த நாட்களில் தன் அவரைப் பந்தலுக்கு எட்ட நின்று, உபதேசியாரைத்தான் தண்ணீர் ஊற்ற அனுப்புவார். அவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார். எங்களுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டியதே இல்லை. நான் சரிவின் மேலேயே நின்றுவிட்டால் மதினி ஒன்றும் கேட்காமல் இரண்டு குடத்தையும் தானே எடுத்துக்கொள்வாள். அவள் நின்றால் நான் எடுத்துக்கொள்வேன். அப்படி ஒருத்தி உடம்பு ஒருத்திக்குத் தெரிந்துதான் அந்தத் தோட்டம் நடந்தது.

வந்த முதல் வருஷமே நான் உண்டாகியிருந்தேன். ஆடி மழையில், ஈரக் கொழுந்து நிறைந்த கூடையோடு சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது மூன்றாம் மாதம் கலைந்துபோயிற்று. நனைந்த கொழுந்துக்கு எடை அதிகம் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நீரை உறிஞ்சி அது ஒரு கனம். முதுகில் கூடை ஒரு கனம். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தலை நிமிராமல் சொன்னார்: "அடுத்த தடவ உண்டானா, மழைக்குள்ள கூடைய தூக்கிட்டு மேடு ஏறாத. நெழல்ல ஒக்காந்து செய்யிற வேலையா பாத்துக்க." நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை எஸ்டேட்டில் எங்கே இருக்கிறது? அன்றிரவு முழுக்க என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மதினி. கம்பவுண்டர் சொன்னதை அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் மாசியில் விதை ஊன்றிய சமயத்திலேயே மறுபடியும் உண்டானேன். இந்தத் தடவை வாயைக் கட்டிக்கொண்டேன். நாலாம் மாதம் ஆகாமல் யாரிடமும் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். மதினியிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது எனக்கே கஷ்டமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த வருஷம் பூசணி கண்பட்டுப் போகிற மாதிரி காய்த்தது. காலையில் கொழுந்து எடுக்கப் போகும்முன் ஒரு தரம், சாயங்காலம் வந்ததும் ஒரு தரம் என்று தோட்டத்துக்கு ஓடுவேன். வயிற்றில் ஒன்றும் கொடியில் ஒன்றுமாக வளர்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். மழை தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் மட்டும் அடிவயிற்றில் இருந்துகொண்டே இருந்தது.

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் துரைசாணி லயத்துப் பக்கம் நடந்து வந்தார். மேனேஜர் துரையின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், பட்டம் போகவில்லை. பங்களாவின் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேலையிலிருந்து நின்றுவிட்டதால் வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இந்த மத்தன் யார் போட்டது?" என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேருந்தாம்மா" என்றேன். விதை எங்கிருந்து வந்தது, எருவை எப்படிப் போட்டாய் என்றெல்லாம் அவர் கேட்கக் கேட்க மதினி என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். "இவ கை ராசிதாம்மா" என்றாள். துரைசாணி கடைசியில் என்னைப் பார்த்து, "மழைக்கு முந்தி நீ பங்களாவுக்கு வா. கண்டக்டரோடு நான் பறயாம்" என்றார், சொல்லிவிடுகிறேன் என்று. கண்டக்டர் என்பது எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற எஸ்டேட் அலுவலர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கூடையை இறக்கி வைத்துவிடலாம். பங்களாத் தோட்டத்தில் மேடு ஏற வேண்டாம், எடை சுமக்க வேண்டாம், மழை பெய்தால் ஒதுங்க ஒரு கூரை உண்டு. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

துரைசாணி போனதும் மதினி என் கன்னத்தைக் கிள்ளினாள். "நல்லதாப் போச்சுட்டி. ஒனக்குத்தான் இப்பம் நெழலு வேலை வேணும்" என்றாள். இப்போது என்ன விசேஷமாக வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் யார்தான் யோசிப்பார்கள்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து நடந்ததைத்தான் நான் ஆயிரம் தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நான் ஓடையில் இறங்கிக் குடத்தை முக்கிக்கொண்டிருந்தேன். மேலே பாதையில் துரைசாணி நாயோடு வந்து நின்றார். தோட்டத்திலிருந்த மதினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனாள். இரண்டு பேரும் பேசினார்கள். ஓடைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று மதினி திரும்பி என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். நேராக, மடக்காமல். என் முகத்தைக் காட்டவில்லை; இன்னும் கொஞ்சம் கீழே. துரைசாணியின் பார்வையும் அங்கே வந்து நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்தபடி சிரித்து, ஒரு கையால் துரைசாணியைக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருக்கிறது. ஏமாற்றப்படுவது ஒரு பக்கம்; ஏமாறுகிறபோது சிரித்துக்கொண்டு நின்றோமே என்பது இன்னொரு பக்கம்.

வைகாசி பாதியில் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. மதினியைக் கூப்பிட்டார்கள். என் பெயரைத்தான் தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று நான் முதலில் நினைத்தேன். மறுநாள் காலை வேலை பிரிக்கிறபோது கண்டக்டரே எல்லார் முன்னாலும் சொன்னார்: "நீ பிள்ளைத்தாச்சியாமே. நாலு மாசத்துல லீவுல போற ஆள வெச்சிக்கிட்டு பங்களால என்ன செய்வாங்க? தொரைசாணியே சொன்னாங்க." பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மதினி அந்த வரிசையில் இல்லை. அவள் பங்களாவுக்குப் போய்விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் வீட்டுக்காரரைத்தான் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு டம்ளர் உள்ள போனா ஊருக்கே சொல்லிருவியளே, யார்ட்ட ஒளறுனிய?" என்று கத்தினேன். அவர் பாவம், சர்ச் இருக்கிற திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? குழம்பிக்கொண்டே பின்பக்கம் போனேன். மதினி படியில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். பங்களா பீன்ஸ்.

"தொரைசாணிகிட்ட என்ன மதினி சொன்னிய?" என்று கேட்டேன்.

"உள்ளதத்தான் சொன்னேன். வேலைக்குச் சேந்து நாலு மாசத்துல நீ படுத்துக்கிட்டா அவங்க என்னையத்தான கேப்பாங்க? ஒன் நல்லதுக்குந்தான் சொன்னேன்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலையே."

அவள் கையிலிருந்த பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூணு மாசமா நீ ஒரு நாளு கூடக் கொடிய விட்டு ஒதுங்கி நிக்கலையே. எனக்குத் தெரியாதாட்டி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எவ்வளவு வாயைக் கட்டி என்ன, என் கால் தினமும் தோட்டத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. யார் எந்த நாளில் ஒதுங்கி நிற்கிறோம் என்பதை அவளும் நானும் மட்டும் அறிந்த விஷயமாகத்தான் வைத்திருந்தோம். தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொள்ளவா, வைக்கவா என்பதற்காக இருந்த அந்தத் தெரிதலை அவள் பங்களா வாசல் வரை கொண்டுபோய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "எனக்கும் முடியலட்டி, இந்த வேலைய எனக்கு விட்டுக் குடு" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அதுதான் உண்மை. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

அவள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமலில்லை. என்னைவிடப் பத்து வருஷம் கூடுதலாகக் கொழுந்து எடுத்தவள். அட்டைக் கடியில் காலில் வந்த புண் ஒவ்வொரு மழைக்கும் திறந்துகொள்ளும். மூன்று பிள்ளைகள். புருஷன் சம்பளத்தில் பாதி வீட்டுக்கு வராது. பத்து வருஷம் எஸ்டேட்டில் கிடந்தவளை ஒரு துரைசாணியும் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று வந்தவளை ஒரு பூசணிக்காக நின்று பார்த்துக் கூப்பிடுகிறார்கள். எரியத்தான் செய்திருக்கும். இத்தனையும் புரிந்த பிறகும் என் கோபம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. கம்பவுண்டர் சொன்னது தெரியாத ஒருத்தி செய்திருந்தால் வேறு. என் தலையை மடியில் வைத்துக் கேட்டவள் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் காலவர்ஷம் ஆரம்பித்தால் வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இடமே இருக்காது. நான் கூடையோடு மேடு ஏறினேன். வேலைக்குப் போகாவிட்டால் பெயர் போடமாட்டார்கள், கூலியும் கிடையாது. வழுக்கி விழவெல்லாம் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தேன், அவ்வளவுதான். கூடையைத் தூக்க வந்தவர்கள் என்னைத் தாங்கிக்கொண்டார்கள். கூடையில் கொழுந்து இருந்தது, வயிற்றில் ஒன்றும் இல்லை. வெகுகாலம் கழித்து ஒரு டாக்டரம்மா, "சும்மா படுத்தே இருந்தாலும் சில நேரம் இப்படி ஆகும்" என்றார். இருக்கலாம். அந்தப் பேச்சு எனக்கு ஆறுதலாக இல்லை. பங்களாத் தோட்டத்தில் இருந்தும் அப்படி ஆகியிருந்தால் நான் ஆண்டவரிடம் அழுதிருப்பேன். இப்போது யாரிடம் அழுவது என்றே தெரியவில்லை. அன்று மத்தியானம் மதினி பங்களாவில் கொடுத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பீட்ரூட் பிடுங்கிக்கொண்டிருந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்தத் தடவை அவள் மடி எனக்குக் கிடைக்கவில்லை. வந்திருந்தாலும் தலை வைத்திருக்க மாட்டேன்.

எழுந்து நடக்க முடிந்ததும் நான் செய்த முதல் காரியம் தோட்டத்துக்குப் போனதுதான். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கொடியில் கடைசி ஈடாகச் சில பிஞ்சுகள் நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று விரலை நேராக நீட்டிச் சுட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை. வெம்பிப் போ என்று வாய்விட்டே சொன்னேன். ஓடையோரம் நாங்கள் அடுக்கிவைத்த கல் வரிசையின் மேல் ஏறியிருந்த கொடியில் ஒரு பிஞ்சு இருந்தது. அதைச் சுட்டிவிட்டுத் திரும்பியவள், போதாதென்று மறுபடியும் போய்ச் சுட்டினேன். அந்த மழைக்கு லயத்தில் எல்லார் கொடியிலும் அழுகியது போல எங்கள் கொடியிலும் அழுகின. கல்லின் மேல் ஈரம் படாமல் கிடந்த அந்த ஒரு பிஞ்சு மட்டும் தப்பித்து, அந்த வருஷம் லயத்திலேயே பெரிய காயாக வளர்ந்தது. நான் இரண்டு தரம் சுட்டிய பிஞ்சு அது.

மழை ஓய்ந்தபின் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததில் நல்லதாகப் பார்த்து ஆண்டவருக்கு என்று கொண்டுபோய் வைப்போம்; ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். மதினி அந்தப் பூசணியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். பீடத்துக்கு முன்னால் இறக்கிவைத்தபோது சபையே பார்த்தது. உபதேசியார் அதன்மேல் கைவைத்து, உழைத்த கைகளை ஆசீர்வதிக்கச் சொல்லி ஜெபம் செய்தார். நான் கண்ணை மூடவில்லை. ஏலத்தில் அவள் புருஷனே அதை எடுத்தார். சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது வாசற்படியில், தேக்கு இலையில், பாதிப் பூசணி இருந்தது. வெட்டுவாய் மஞ்சளாகப் பளபளத்தது. பாதிப் பாதி என்கிற எங்கள் பழைய கணக்கு. மன்னிப்பு என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வரவில்லை, பூசணியை அனுப்பிவிட்டாள்.

நான் அதைத் தொடவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே நடைபாதை. போகும்போதும் வரும்போதும் அவளும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், நானும் தாண்டித்தான் போக வேண்டும். எறும்பு வந்தது, ஈ வந்தது, நாற்றமும் வந்தது. "எடுத்துத் தூரப் போடு" என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். "வச்சவ எடுக்கட்டும்" என்றேன். விஷயம் காதுக்குப் போய் உபதேசியாரும் வந்தார். "மன்னிச்சிரும்மா, ஒரே சபையில இருக்கிய" என்றார். "அவ கேக்கட்டும் ஐயா, அப்புறம் பாப்போம்" என்றேன். அவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டே ஜெபம் செய்துவிட்டுப் போனார். ஒரு நாள் விடிந்து பார்த்தபோது படி கழுவிச் சாம்பல் தூவியிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் பாதிப் பாதியாகப் பிரிக்க ஒன்றும் இல்லை. நான் அந்தத் தோட்டத்தில் இறங்கவே இல்லை. கடையில் காய் வாங்கிச் சமைத்தேன். வாங்க முடியாத நாளில் கருவாட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்காரருக்கு வேறு டிவிஷனில் வேலை கிடைத்து நாங்கள் போய்விட்டோம். அங்கேதான் என் மகள் பிறந்தாள். பெரிய மனசு பண்ணி அந்த டிவிஷன் கண்டக்டர் மழை முடிகிற வரைக்கும் என்னை நாற்றங்காலில் உட்கார வைத்தார். எஸ்டேட்டிலிருந்து ஓய்வு பெற்று அடிமாலிப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்ட பிறகுதான் மறுபடியும் மண்ணில் கைவைத்தேன். முதலில் ஊன்றியது பூசணிதான். அதன்மேல் எனக்கு என்ன கோபம்?

மதினியை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். மூணாறு பஸ் நிறுத்தத்தில், எதிர்ப்பக்கத்துச் சிமென்ட் பெஞ்சில், ஒரு இளம்பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. காலில் அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தாள். பங்களா வேலையும் அதை ஆற்றவில்லை போல. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் யார் யார் என்று தேடினாள். மதினி கையைத் தூக்கி என்னைக் காட்டினாள். விரலை மடக்கி, கணுவால்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். வயதாகி மூட்டு பிடித்து மடங்கிய விரலாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் பஸ் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்தபோது அதே கையின் விரல்கள் அஞ்சும் நேராக நீண்டு கம்பியைப் பற்றின. ஏறும்முன் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு எட்டு வைத்தால் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. பஸ் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பையை எடுத்துக்கொண்டேன்.

இன்று காலையில் என் கொடியில் மூன்று பிஞ்சு பிடித்திருக்கிறது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரல் வழக்கம்போல மடங்கிக்கொண்டது. அவள் வழக்கம்போலச் சிரித்தாள். மதினிக்கும் மடக்கத் தெரியும். அன்றைக்கு ஓடைக்கரையில் நான் குடத்தோடு சிரித்துக்கொண்டு நின்றபோது, அவள் அந்த விரலை மடக்கியிருக்க வேண்டும்.